பெரியப்பா தெளிவாகத் தெரியும் லென்ஸ்

கேமரா வீட்டுக்கு வந்த அன்று நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையில் இருந்தேன். என் கணவர் போன் செய்து, "பாடி வந்துடுச்சு" என்றார். ஊசிக்காகக் கை நீட்டி எதிரில் உட்கார்ந்திருந்தவரை மறந்துவிட்டு நானும், "பாத்து எறக்குங்க, கட்டில் மேல வைங்க, சாயந்திரம் நான் வந்து பிரிக்கிறேன்" என்று சொன்னேன். அந்த மனிதர் கையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்தி மறுபடி நரம்பு தேடுவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

பாடி என்றால் கேமராவின் உடம்பு. லென்ஸ் தனி. ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டல் கேமராவில் இரண்டையும் தனித்தனியாக வாங்கலாம் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், உடம்பை வாங்கிவிட்டு, கண்ணை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ததுதான். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பவள் நான். லென்ஸ் தேர்ந்தெடுப்பது எனக்கு ஒரு பெரிய வேலையா என்று நினைத்தேன். ஒன்பது மாதம் ஆயிற்று.

முதல் இரண்டு மாதம் கேமரா பீரோவின் மேல் மூடி போட்டபடி உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்று, ஒரு போட்டோ எடு என்றார். லென்ஸ் இல்லை அக்கா, எடுக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். சும்மா எடு என்றார். மனசு கேட்காமல் பட்டனை அழுத்தினேன். "டக்" என்று சத்தம் வந்தது. அவருக்குத் திருப்தி. மறுநாள் அனுப்பச் சொல்லிக் கேட்டார். வேறு வழியில்லாமல் அனுப்பினேன். சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு வெற்றுச் சதுரம். வெயில் கொஞ்சம் ஜாஸ்தியாக விழுந்துவிட்டது போல என்று பதில் போட்டிருந்தார்.

எந்த லென்ஸ் வாங்குவது என்று இணையத்தில் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் வளர்ந்தது. ஒருவர் முப்பத்தைந்து எம்எம் போதும், வாழ்நாளுக்கும் அதுவே என்றார். இன்னொருவர் முப்பத்தைந்து வாங்கினவர்கள் எல்லாம் வருத்தப்படுகிறார்கள் என்றார். என் கணவர் வெள்ளிமலைக்கு மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர். அவரைக் கேட்டபோது, எதிர்ல வர்றது தெரிஞ்சா போதும் என்று முடித்துவிட்டார்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் போனேன். கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்களுக்கு அவர் லென்ஸ்களை நாள் வாடகைக்கு விடுகிறவர். வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றாக வாடகைக்கு எடுத்துப் பழகிப் பாருங்கள் மேடம் என்றார். தம்பிக்கு அந்த வாரம் நிச்சயம் வைத்திருந்தோம். அதற்கு எண்பத்தைந்து எம்எம் ஒன்றைக் கையில் கொடுத்தார். கனமான கண்ணாடி. லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து வைத்து எடுத்தால் முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும், பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சு மாதிரி போய்விடும் என்றார். பின்னால் என்ன இருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நிச்சயம் வெள்ளிமலையில், பெண் வீட்டில். பெண்ணின் அப்பா கீழேயிருந்து மலைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். நாங்கள் ஒரு வேன் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாக மேலே ஏறினோம். முன் சீட்டில் பெரியப்பா. என் அப்பாவின் அண்ணன். ரிஷிவந்தியம் பக்கத்தில் கரும்பும் நெல்லும் பயிர் வைப்பவர். அப்பா இறந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. அதனால் அப்பா செய்ய வேண்டியதையெல்லாம் அவர்தான் செய்தார். ஜெபம் முடிந்ததும் தட்டு மாற்றினார், மோதிரப் பெட்டியைத் திறந்து நீட்டினார், ரெண்டு பக்கத்துச் சொந்தங்களின் பெயர்களையும் ஒன்று விடாமல் சொல்லி அறிமுகம் செய்தார். புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

நான் அந்த லென்ஸின் மேல் காதலில் விழுந்திருந்தேன். பெண்ணின் கண் இமை முடிகளை எண்ணலாம் போல இருந்தது. தம்பி கன்னத்தில் சவரம் செய்தபோது விட்டுப்போன நாலு முடி தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் வெள்ளையாக, மிருதுவாக, ஒளி தளும்பிக்கொண்டு ஏதோ இருந்தது. ஜன்னல் திரை என்று நினைத்துக்கொண்டேன்.

படங்களைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். எல்லோரும் இதயம் போட்டார்கள். பெரியப்பா மட்டும் ஒன்றும் போடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் மருத்துவமனைக்கு வந்தார். என்னை நேராக வந்து பார்க்காமல் டோக்கன் எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தவர்களோடு பெஞ்சில் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் எண்ணைக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கத்தில் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி நீட்டினார். நானும் பழக்கத்தில் ரப்பர் கயிற்றைக் கட்டிவிட்டேன். அப்புறம்தான் அவர் இன்னொரு கையால் போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது இன்னாம்மா?"

"தம்பியும் பொண்ணும், பெரியப்பா."

"பின்னாடி?"

பார்த்தேன். ஜன்னல் திரைக்கு மேல் பக்கத்தில் பழுப்பாக ஒரு உருண்டை இருந்தது.

அவர் எல்லாப் படத்தையும் எண்ணியிருந்தார். மொத்தத்தில் அறுபத்தோரு படத்தில் அவர் இருக்கிறார். ஒன்றில்கூட முகம் இல்லை. பெண்ணின் தாய்மாமன், தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நாலு படத்தில் கண்ணாடி ஃப்ரேம் முதற்கொண்டு தெளிவாக இருக்கிறார். வேணும் என்று செய்யவில்லை என்றேன். வேணும் என்று செய்யாமல் அறுபத்தோரு தரம் எப்படி வரும் என்று கேட்டார். அடுத்த டோக்கன்காரர் கதவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

விளக்கினால் புரியும் என்று நினைத்து அவரை நுண்ணோக்கியிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு ஸ்லைடை வைத்து, இதில் ஒரு அடுக்கு தெளிவாக இருந்தால் அதற்கு மேலேயும் கீழேயும் இருப்பது மங்கித்தான் போகும், கேமராவும் அப்படித்தான், அதன் கண் பெரிசாகத் திறக்கத் திறக்க தெளிவாக இருக்கிற அடுக்கு மெல்லிசாகிக்கொண்டே போகும், யார் மேலேயும் கோபம் இல்லை என்று சொன்னேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். நான் சொல்லாமலே அதன் திருகை முன்னாலும் பின்னாலும் திருப்பினார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்போ யாரு தெரியணும், யாரு மங்கணும்னு திருகறது உன் கையிதான?"

அறிவியல்படி அது சரி. ஆமாம் என்றேன்.

"உங்கப்பன் இருந்து, அவன் அங்க நின்னுக்கினு இருந்தா, அவனை மங்க வுட்டிருப்பியா?"

கையில் ரப்பர் கயிறு கட்டியது கட்டியபடியே இருந்தது. அதை அவிழ்த்துவிட்டேன்.

போகும்போது இரண்டு விஷயம் சொன்னார். அடுத்த மாதம் மூன்று ஞாயிறும் மாதா கோயில் பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிப்பார்களே, அன்றைக்கெல்லாம் அவர் அங்கே இருக்க வேண்டுமானால், கல்யாணத்துக்கு எந்த லென்ஸ் என்பதை அவரும் வந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, வந்தது வந்தாயிற்று, சர்க்கரையும் பார்த்துவிடு என்றார். பார்த்தேன். நார்மல்.

சனிக்கிழமை மத்தியானம் அவரோடு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் நல்ல மனுஷர். பெரியவருக்கு நாற்காலி போட்டு, டீ சொல்லி, அலமாரியிலிருந்து லென்ஸ்களை எடுத்துத் துணி விரித்த மேஜையில் வைத்தார். பெரியப்பா ஒவ்வொன்றையும் கத்தரிக்காய் வாங்குகிறவர் மாதிரி தூக்கி, திருப்பி, எதிர்வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவில் நின்றுகொண்டார். எடு என்றார்.

முதலில் பதினாறு எம்எம். அகலமாகப் பார்க்கிற லென்ஸ். தெருவில் இருந்த எல்லாமே அதில் தெளிவாக விழுந்தன. ஆனால் ஓரத்தில் நின்ற பெரியப்பாவின் தலை சுரைக்காய் மாதிரி ஒரு பக்கமாக நீண்டுவிட்டது. அவர் திரையைப் பார்த்து, தெளிவாக இருக்கிறது, ஆனால் இது நான் இல்லை என்றார்.

அடுத்தது எழுபது முதல் இருநூறு வரை போகிற நீளமான ஜூம். அதில் அவர் முழு உருவமாக விழ வேண்டுமென்றால் நான் தெருவைத் தாண்டி எதிர் பேக்கரிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து குறி பார்த்தபோது நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. ஓரமாக விறைத்து நின்றவரைப் பயணி என்று நினைத்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, ஏறுங்க பெரியவரே என்றார். நான் அசைய வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் பெரியப்பா அசையவும் இல்லை, பேசவும் இல்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பது போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்கள் இறங்கி, அவருக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஸ்டூடியோக்காரர் ஓடிவந்து, போட்டோ எடுக்கிறோம் என்றார். அவர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கேமரா எங்கேயும் தெரியவில்லை. நான் பேக்கரியில் பிஸ்கட் ஜாடிகளுக்கு நடுவில் குனிந்திருந்தேன்.

ஆட்டோ போன பிறகு எடுத்த அந்தப் படம் நன்றாக வந்திருந்தது. பெரியப்பா அதை வெகு நேரம் பார்த்தார். நரைத்த மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. அவருக்குப் பின்னால், தன் கடை வாசலிலேயே, ஸ்டூடியோக்காரர் நீலக் கறையாக நின்றிருந்தார்.

"நீ மங்கிட்டப்பா" என்று பெரியப்பா அவரிடம் வருத்தத்தோடு சொன்னார்.

பரவாயில்லைங்க என்றார் அவர்.

பெரியப்பா நாற்காலிக்குத் திரும்பினார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் மங்குகிற மாதிரி லென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். யார் என்று ஸ்டூடியோக்காரர் கேட்கவில்லை. இத்தனை வருடம் கல்யாணம் எடுத்தவருக்கு அந்தக் கேள்வி புதிது இல்லை போல. அதுக்குத் தனியா லென்ஸ் எதுக்குங்க, மாப்பிள்ளையும் பொண்ணும் நிக்கிற கோட்டுல நின்னா தெளிவா தெரிவாங்க, ஒரு அடி பின்னாடி நின்னா மங்கிடுவாங்க, அந்த ஆளை ஒரு அடி பின்னாடி நிக்க வைங்க, அவ்ளோதான் என்றார். உபகாரமாகத்தான் சொன்னார்.

"கோட்டுல" என்று பெரியப்பா திருப்பிச் சொன்னார்.

கல்யாணத்துக்கு முப்பத்தைந்தும் எண்பத்தைந்தும் வாடகைக்குப் பேசிவிட்டு வந்தோம். பெரியப்பா சந்தோஷமாக இருந்தார். மூன்று ஞாயிறும் முதல் வரிசையில் உட்கார்ந்து ஓலை கேட்டார்.

கல்யாணம் எங்கள் ஊர்க் கோயிலில். ரிஷிவந்தியத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குப் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் ஒரு டைல் முடிந்து இன்னொன்று தொடங்குகிற இடத்தில் நேராக ஒரு கோடு ஓடும். தம்பியும் பெண்ணும் வந்து நின்றதும், பெரியப்பா தன் பெஞ்சிலிருந்து எழுந்து போய்த் தம்பிக்கு இடது பக்கத்தில் நின்றார். குனிந்து தம்பியின் ஷூ நுனி அந்தக் கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்தார். தன் செருப்பில்லாத கால் விரல்களையும் அதே கோட்டில் வைத்தார்.

அவர்கள் முழந்தாளிட்டபோது அவரும் முழந்தாளிட்டார். எழுந்தபோது எழுந்தார். தம்பி அரை அடி முன்னால் நகர்ந்தபோது அவரும் அரை அடி நகர்ந்தார். பெண்ணின் தாய்மாமன் எதிர்ப் பக்கத்து பெஞ்சிலிருந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுக்கும் தெரியாது, துவாரமும் தெரியாது. ஆனால் அங்கே நிற்பதில் ஏதோ ஆதாயம் இருக்கிறது, அது மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது என்பது புரிந்துவிட்டது. அவரும் எழுந்து வந்து பெண்ணுக்கு வலது பக்கத்தில், அதே கோட்டில் நின்றார்.

ஃபாதர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். எதிரில் நாலு பேர். எங்கள் குடும்பத்தை வருடக்கணக்காகத் தெரிந்தவர்தான். இருந்தாலும் வாக்குக் கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் தயங்கி, சின்னக் குரலில், "மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டார். மைக் போட்டிருந்தது. கோயில் முழுக்கக் கேட்டது.

பீடத்தின் ஓரத்தில் நின்று எண்பத்தைந்து வழியாகப் பார்த்தேன். நாலு முகமும் கண்ணாடியில் வெட்டி எடுத்தது போல இருந்தன. பின்னால் பெஞ்சுகளும், வாசல் கதவும், மொத்தச் சொந்தமும் பஞ்சாகக் கரைந்திருந்தன. தாலி கட்டும்போது பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தம்பியைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து, குடும்பப் படம் எடுக்க எல்லோரையும் கோயில் வாசலில் கூப்பிட்டேன். இதற்கு முப்பத்தைந்தைப் போட்டு, துவாரத்தைச் சின்னதாக்கி வைத்திருந்தேன். பின்னால் மூன்று வரிசை நின்றாலும் அத்தனை பேரும் தெளிவாக வருவார்கள். சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் பெரியப்பா அதற்குள் ஒவ்வொருவரிடமும் போய், "பின்னாடி நின்னா அழிஞ்சிடுவீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதட்டலாகச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டவர் சொல்கிற மாதிரி அக்கறையாகச் சொன்னார். அதனால் எல்லோரும் நம்பினார்கள். நான் சொன்னதை நம்புவதற்குக் காரணம் இல்லை. அழித்தவளே நான்தானே.

ஒருத்தரும் இரண்டாவது வரிசையில் நிற்கச் சம்மதிக்கவில்லை. ஒரே வரிசை. கோயில் கதவில் தொடங்கி, மணிக்கூண்டைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, சுற்றுச்சுவர் வரைக்கும் போனது. தாய்மாமன் தன் பக்கத்து ஆட்களை நேராக்கிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு வரிசை போட்ட பழக்கம். முதல் தடவையாகப் பெரியப்பாவும் அவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர், நடுவில் ஒரு கயிறு பிடித்து எல்லோருடைய கால் நுனியையும் சரிபார்த்தார்கள்.

நான் பின்னால் போனேன். போதவில்லை. கேட்டைத் தாண்டினேன். ரோட்டைத் தாண்டினேன். எதிரில் இருந்த பஞ்சர் கடையின் படியில் ஏறி நின்ற பிறகுதான் இரண்டு முனையும் உள்ளே வந்தன. அங்கிருந்து கத்தினால் கேட்காது. என் கணவரை வரிசைக்கு முன்னால் நிற்க வைத்து, போனில் நான் சொல்லச் சொல்ல அவர் எல்லோருக்கும் சொன்னார். சிரிக்கச் சொல்றா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நடுவில் நின்றது. ஓட்டுநர் என் கணவருக்குத் தெரிந்தவர். இன்னாங்க, எதுக்குப் போராட்டம் என்று இறங்கி வந்து கேட்டார். அவருக்கு விளக்கி அனுப்பி வைக்கும் வரை அறுபத்திரண்டு பேரும் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஆல்பம் அச்சடிக்கக் கொடுத்த கடையிலிருந்து போன் வந்தது. கல்யாணப் படங்களோடு மனிதச் சங்கிலிப் படம் ஒன்றும் கலந்துவிட்டது, எடுத்துவிடட்டுமா மேடம் என்றார்கள். இல்லை, அதைத்தான் நடுப்பக்கத்தில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போட வேண்டும் என்றேன்.

ஆல்பத்தைப் பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் படத்தில் ஒவ்வொருவரும் எறும்பு அளவுதான் இருந்தார்கள். பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். பெரியம்மா எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தார். பெரியப்பா ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து, பெயர் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்தி, மறு முனைவரை போனார். தாய்மாமன் இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அவர் பெயரையும் சொல்லிவிட்டுத் தாண்டியது.

"எல்லாரும் கீறாங்க" என்றார். என்னை உட்காரச் சொல்லி, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். எனக்கு அப்போதுதான் இத்தனை மாதம் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. கோழிக் குழம்பு. மூன்று தடவை சோறு வாங்கினேன்.

லென்ஸ் வாடகைப் பாக்கியைக் கொடுக்கப் போனபோது, எனக்கென்று ஒன்று வாங்கிவிடலாம் என்று ஸ்டூடியோக்காரரிடம் சொன்னேன். எது வேண்டும் என்று கேட்டார். எதில் சண்டை வராதோ அது என்றேன். அவர் பழைய ஐம்பது எம்எம் ஒன்றை எடுத்து வைத்தார். அலமாரியில் அதே மாதிரி இன்னும் மூன்று இருந்தன. ஏன் இத்தனை என்றேன். எல்லோரும் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள், பிறகு இதைத்தான் விற்கிறார்கள் என்றார். அன்றே வாங்கிவிட்டேன்.

அடுத்த வார விடுமுறையில் என் கணவர் ஓட்டிய பஸ்ஸில், அவருக்குப் பக்கத்து முன் சீட்டில் உட்கார்ந்து வெள்ளிமலைக்குப் போனேன். மேலே ஒரு திருப்பத்தில் எதிரில் ஜீப் வந்ததால் பஸ் பின்வாங்கி ஒதுங்கி நின்றது. பக்கத்துச் சரிவில் சாமை அறுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எடுக்கட்டுமா என்று கையால் கேட்டேன். தலையசைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கேமராவை நீட்டி ஒரே ஒரு படம் எடுத்தேன். ஒருத்தி ஓடி வந்து, எப்போ தருவே என்று கேட்டு என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து குரல் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. மூன்று பேருக்கும் ஆளுக்கொன்று பெரிதாக அச்சடித்துத் தர வேண்டுமாம். மூத்தவள் மட்டும், ஓரத்தில் தன் மாடு வந்திருக்கிறதே, அது பாதியாக இருக்கிறது, அடுத்த தடவை வரும்போது முழு மாடும் விழுகிற மாதிரி எடுத்துக் கொடு என்று சொல்லியிருக்கிறாள்.